கிடைக்குப் போன சோலார் தகடு

மாசிக் கடைசியில் மாமாவின் போன் மூன்று நாள் தொடர்ந்து அணைந்து கிடந்தது. காலையும் மாலையும் அழைத்துப் பார்த்துச் சலித்த அம்மா, நான்காம் நாள் என் கடைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். மாமா கீதாரி. சம்பா அறுவடை முடிந்ததும் எங்கள் பரமக்குடிப் பக்கத்திலிருந்து செம்மறிகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ச் சீமைக்குக் கிளம்பினால், மேட்டூர் அணை திறந்து குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை அங்கேதான் வாசம். ஒரத்தநாட்டில் பத்து நாள், மன்னார்குடியில் பத்து நாள் என்று வயல் வயலாகக் கிடை, அதாவது ஆடுகளை இரவில் அடைக்கும் இடம், மாறிக்கொண்டே இருக்கும்.

அன்று மதியம் ஒரு டீக்கடைக்காரரின் போனிலிருந்து அவரே அழைத்தார். முந்தைய இரவு நாய்கள் புகுந்து ஐந்து குட்டிகளைக் கடித்துப் போட்டுவிட்டன. டார்ச் மங்கிவிட்டது. போனில் சார்ஜ் இல்லை. அரை மைல் தள்ளிக் கிடை போட்டிருந்த பங்காளியைக் கூப்பிட வழியில்லை. "சத்தம் போட்டுப் பார்த்தேன் மாப்பிள்ளை. காற்று அந்தப் பக்கம் அடிக்கவில்லை" என்றார்.

பதினான்கு வருடமாகப் போன் பழுது பார்த்துக் கடை நடத்துகிறேன். அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்க விடவில்லை.

கிடையில் சார்ஜ் ஏற்றுவது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வயல்காரரின் மோட்டார் கொட்டகையில் ஒரு பிளக் இருக்கும்; அவர் சாவி கொடுத்தால், கரண்டும் இருந்தால், போனை மாட்டிவிட்டு ஆடுகளின் பின்னால் போக வேண்டும். திரும்பி வரும்போது போன் அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டுக்கு நடந்து டீக்கடையில் கொடுத்துவிட்டு, அது ஏறும்வரை காத்திருக்க வேண்டும். நானூறு ஆடுகளை அந்த நேரம் யார் பார்ப்பது? குட்டி போடும் பருவத்தில் ஒரு மணி நேரம்கூடக் கிடையை விட்டு அகல முடியாது.

சென்ற வருடமே மாமா சந்தையில் ஒரு 'சோலார் பவர் பேங்க்' வாங்கியிருந்தார். முதுகில் சின்னதாக ஒரு கறுப்புத் தகடு, மேலே 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று பெரிய எழுத்து. நான்கு நாள் வெயிலில் போட்டும் ஒரு புள்ளிகூட ஏறவில்லை என்று என்னிடம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதைத் திரும்ப எடுத்து மேசையில் வைத்து அளந்தேன். தகடு 15 செ.மீ.க்கு 7 செ.மீ.; மொத்தம் 105 சதுர செ.மீ. நல்ல உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் விழும். அந்தக் கணக்கில் இந்தத் துண்டின் மேல் விழுவது பத்தரை வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமானால் இரண்டு வாட். மீட்டரில் பார்த்தபோது அதுவும் வரவில்லை; 1.1 வாட்தான் காட்டியது. உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவோ 74 வாட் மணி. நஷ்டமே இல்லாமல் ஏறினாலும் 67 மணி நேர நல்ல வெயில் வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்தால் இரண்டு வாரம். பொருளில் பழுது ஒன்றுமில்லை, கணக்கில்தான் கோளாறு. இப்படி ஒன்றை உழைப்பாளி மனிதரிடம் விற்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வாங்குமுன் ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

பங்குனியில் மடக்கும் தகடு ஒன்று வாங்கினேன். மூன்று மடிப்பு, விரித்தால் ஒரு சின்னத் துண்டு அகலம், மடித்தால் நோட்டுப் புத்தக அளவு. எடை அரைக் கிலோவுக்குள். விலை 4,000 ரூபாய்க்குச் சற்று மேல். பெட்டியில் 21 வாட் என்று போட்டிருந்தது. இங்கேயும் அளவுகோலைத்தான் முதலில் எடுத்தேன். துணி ஓரத்தை விட்டுவிட்டு, சிலிக்கான் மட்டும் ஒரு மடிப்பில் 24 செ.மீ.க்கு 14 செ.மீ. மூன்றுக்கும் சேர்த்து 1,008 சதுர செ.மீ., அதாவது ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதன் மேல் விழுவது 100 வாட். நல்ல ஒற்றைப்படிகச் செல் அதில் 22 சதவீதம்வரை மின்சாரமாக்கும். ஆக 21 என்பது சாத்தியமான எண். இதே அளவுத் தகட்டில் 40 வாட் என்று ஒட்டியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

சாத்தியமான எண் என்றாலும் அது ஆய்வுக்கூடத்து எண். செல்லின் சூடு 25 டிகிரி இருக்கும்போது அளப்பது. எங்கள் மொட்டை மாடியில் பங்குனி வெயிலில் சூடு அளக்கும் கருவியைத் தகட்டின் மேல் காட்டினால் 64 டிகிரி. சிலிக்கான் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் தன் திறனில் ஏறக்குறைய 0.4 சதவீதம் இழக்கும். 39 டிகிரிக்கு 15 சதவீதத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது. மிச்சமிருக்கும் 18 வாட்டை 5 வோல்ட்டாக மாற்றும் சின்னச் சர்க்யூட் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இரண்டு போர்ட்டிலும் மின்சுமை மாட்டி உச்சி வேளையில் நான் பார்த்தது 14.2 வாட். ஒரே போர்ட் என்றால் 5 வோல்ட், 2.4 ஆம்பியர், 12 வாட்டுக்கு மேல் அதில் வராது. 21 என்று வாங்கியவர் 14-ஐப் பார்த்து ஏமாந்ததாக நினைப்பார். நான் நினைக்கவில்லை. நம் வெயிலில் 14 கிடைத்தால் அது ஒழுங்கான தகடு.

அடுத்து நிழல். இதைத்தான் அதிக நேரம் எடுத்துப் பார்த்தேன், ஏனென்றால் கிடையில் நிழல் ஓயாமல் நகரும். தகட்டை உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு மடிப்பிலும் மெல்லிய பட்டைகளாகச் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பது தெரியும். ஒரு பட்டையை மட்டும் கையால் முழுதாக மூடினேன். 12 வாட் காட்டிய மீட்டர் 8-க்கு இறங்கியது. மூடியது ஒரு பட்டை, படுத்தது ஒரு மடிப்பு முழுவதும். சங்கிலித் தொடராக நின்று வாளி கைமாற்றும்போது ஒருவர் கையைக் கட்டிக்கொண்டால் அந்த வரிசையே நிற்பது போல. ஒரு வேப்பிலைக் கொத்து, கொடியில் காயும் துண்டு, தொரட்டிக் கம்பின் நிழல் எது விழுந்தாலும் இதே கதிதான்.

மேகம் இன்னொரு தொல்லை. என் போனை நேரடியாகத் தகட்டில் மாட்டி வைத்தேன். ஒரு மேகம் கடந்தது. சார்ஜ் நின்றது. வெயில் திரும்பி வந்தபோது சார்ஜ் தொடங்கியதே தவிர, மின்னோட்டம் பழைய 1.8 ஆம்பியருக்கு ஏறவே இல்லை, 0.4-இலேயே நின்றது. பலவீனமான சார்ஜர் என்று போன் முடிவு செய்துகொண்டு, குறைவாகவே உறிஞ்சுகிறது. கழற்றி மாட்டினால் சரியாகிவிடுகிறது. மொட்டை மாடியில் நிற்கும் நான் கழற்றி மாட்டுவேன். ஆட்டோடு ஒரு மைல் தள்ளிப் போன மாமாவுக்கு அது முடியாது. அதோடு ஒவ்வொரு முறை நின்று தொடங்கும்போதும் போனின் திரை எரிந்து அணைகிறது. மேகம் திட்டுத் திட்டாக ஓடும் நாளில் ஏறியதில் கொஞ்சம் இப்படியே செலவாகிவிடும்.

ஆகவே நடுவில் ஒரு பவர் பேங்க் வைத்தே ஆக வேண்டும். முதுகில் தகடு எதுவும் இல்லாத, சாதாரண 10,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க். மேகம் வந்தால் அது சும்மா இருக்கும், வெயில் வந்தால் தன் பாட்டுக்கு ஏற்றிக்கொள்ளும். நான் வைத்த நாளில் காலை 8.20-க்கு வெறுமையாக மாட்டியது மதியம் 2 மணிக்கு நான்கு புள்ளியும் எரிந்து நின்றது. இரவில் அது மாமாவின் ஸ்மார்ட் போனை ஒரு முறை முழுதாக நிரப்பி, பட்டன் போனுக்கும் கொஞ்சம் கொடுக்கும்.

தகட்டின் பின்புறம் ஒரு வலைப் பை தைத்திருக்கிறார்கள், போனையோ பவர் பேங்கையோ அதில் போட்டுக்கொள்ள. பார்க்க வசதியாகத் தெரிகிறது. அதில் பவர் பேங்கை ஒரு மணி நேரம் வைத்து எடுத்தபோது மேல்புறம் 53 டிகிரி. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது; ஆயுள் குறையும், வீங்கும். வீங்கிய பேட்டரிகளை வாரத்துக்கு இரண்டாவது என் மேசையில் பார்க்கிறேன். அந்தப் பையில் கேபிளைச் சுருட்டி வைக்கலாம், வேறொன்றும் வைக்கக் கூடாது.

தகடு வெயிலிலும் பவர் பேங்க் நிழலிலும் இருக்க வேண்டும் என்றால் நடுவில் நீளமான ஒயர் வேண்டும். கடையில் கிடைத்த இரண்டு மீட்டர் கேபிளை மாட்டியதும் மின்னோட்டம் பாதியாகச் சரிந்தது. வெட்டிப் பார்த்தேன். உள்ளே தலைமுடி போல நான்கு இழை. அந்த 28 கேஜ் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் தடை. போக வரக் கணக்கிட்டால் நான்கு மீட்டர், 0.85 ஓம். இரண்டு ஆம்பியர் ஓடினால் 1.7 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 5 வோல்ட் புறப்பட்டு மூன்றேகால் போய்ச் சேர்ந்தால் எந்தப் பேட்டரி ஏறும்? அதைவிடத் தடிமனான 20 கேஜ் செம்புக் கம்பி வாங்கி, இருபுறமும் முனைகளை நானே சால்டர் செய்தேன். நஷ்டம் கால் வோல்ட்டுக்கு இறங்கியது. நாலாயிரம் ரூபாய்த் தகட்டின் பலனைக் காத்தது அந்தக் கம்பிதான் என்பேன்.

டார்ச்சையும் மாற்ற வேண்டியிருந்தது. அவர் வைத்திருந்தது வீட்டுக் கரண்டில் மட்டும் ஏறும் 4 வோல்ட் லெட் ஆசிட் டார்ச், யூ.எஸ்.பி.யில் மாட்டவே முடியாது. 18650 என்ற லித்தியம் செல் போட்ட, யூ.எஸ்.பி.யில் ஏறும் தலை டார்ச் ஒன்று வாங்கினேன். இரண்டு கையும் சும்மா இருக்கும், குட்டியைத் தூக்க.

சித்திரை முதல் வாரத்தில் மன்னார்குடிக்கு பஸ் ஏறினேன். கிடை ஊருக்கு மேற்கே, அறுத்த வயலில். நான் போய்ச் சேர்ந்தபோது ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. பிறந்து வாரம் ஆகாத குட்டிகளை மட்டும் பெரிய மூங்கில் கூட்டைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து மெல்லிய குரல்கள். அந்தக் கூட்டின் முதுகுதான் தகட்டுக்குத் தோதான இடம் என்று மாமா நினைத்திருந்தார். தரையில் வைத்தால் புழுதி, மிதி. மேலே இருந்தால் எல்லாருக்கும் கண்ணில் படும். கட்டிப் பார்த்தோம். கூடு வளைந்து கிடப்பதால் மூன்று மடிப்பும் மூன்று திசை பார்த்தன. காலை 9 மணிக்குக் கிழக்குப் பார்த்த மடிப்பு உழைத்தது, மேற்குப் பார்த்தது ஏறக்குறைய தூங்கியது. மீட்டரில் 4 வாட். அதே தகட்டைச் சாக்கில் கிடத்தி, கிழக்குப் பக்கம் சாய்த்துக் கல்லை முட்டுக் கொடுத்தபோது 9.

சாய்வு சரியா என்று பார்க்கும் வழியைக் காட்டினேன். ஒரு பேனாவைத் தகட்டின் மேல் செங்குத்தாக நிறுத்த வேண்டும். நிழல் நீண்டால் சாய்வு தவறு. நிழல் பேனாவின் காலடிக்குள் ஒடுங்கிவிட்டால் தகடு சூரியனை நேருக்கு நேர் பார்க்கிறது. நான் சொல்லி முடிக்கும் முன்பே மாமா பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தன் நிழலை அடி வைத்து அளந்து மணி சொல்லும் மனிதர் அவர். "உச்சிக்கு இதற்கு முட்டே வேண்டாம் மாப்பிள்ளை, இந்த வாரம் நிழலே விழாது" என்றார். உண்மைதான். அந்த ஊரின் அட்சரேகை பத்தரை டிகிரிக்குச் சற்று மேல். சித்திரை முதல் வாரத்தில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே கடக்கிறது. 12 மணி 10 நிமிடத்தை ஒட்டிப் பேனாவை நிறுத்தினோம். அடியில் ஒரு வட்டம்கூட இல்லை. குனிந்து பார்த்த அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியை எந்த மீட்டரும் எனக்குக் காட்டியதில்லை.

இந்தப் பருவம் முழுவதும் தட்டையாகப் போட்டாலே பெரிய குறைவில்லை. மார்கழியில்தான் சூரியன் தெற்கே 34 டிகிரி சரிந்துவிடும். அப்போது தகட்டையும் தெற்கே சாய்க்க வேண்டும். அந்நேரம் கிடை நம் ஊர்ப் பக்கம் இருக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் தகட்டுக்குக் கிடைத்த இடம் அவருடைய டி.வி.எஸ். 50 வண்டியின் பின் பலகை. மேய்ச்சல் முடியும்வரை வண்டி வெட்டவெளியில்தான் நிற்கும். பலகையில் நான்கு மூலையிலும் கயிறு போட்டுக் கட்டி, ஒயரைச் சீட்டுக்கு அடியே இறக்கி, பவர் பேங்கை நிழலில் ஒரு மண்சட்டிக்குள் வைத்து, மேலே ஈரச் சாக்கு மூடினார். சட்டி அவர் யோசனை. அன்று பிற்பகல் உள்ளே 36 டிகிரி. ஈரம் பவர் பேங்கைத் தொடாமல் மேலே ஒரு தட்டை மட்டும் நான் வைத்தேன்.

ஐந்து வாரம் ஆகிறது. வெள்ளாடு ஒன்று தகட்டின் துணிக் காதை மென்று ஒரு மூலையைப் பிய்த்துவிட்டது. செல்லுக்குச் சேதம் இல்லை. புழுதிதான் பெரிய பகை. இரண்டு நாள் துடைக்காமல் விட்டால் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் கூடுகிறது. ஈரத் துண்டால் காலையில் ஒரு முறை துடைக்கச் சொல்லியிருக்கிறேன், காய்ந்த துணியால் தேய்த்தால் மணல் கீறிவிடும். இரண்டு முறை கோடை மழை பெய்தது. அந்த இரண்டு நாளும் பவர் பேங்க் இரண்டு புள்ளியைத் தாண்டவில்லை. மழை நாளுக்கு இந்தத் தகடு போதாது என்பதை வாங்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொரு நிரம்பிய பவர் பேங்கைக் கையிருப்பில் வைத்தால்தான் அதைக் கடக்க முடியும், அதையும் அனுப்பிவிட்டேன்.

இரவு ஒன்பதுக்கு அம்மாவை அழைக்கிறார். நான் போனை வாங்கினால் "இன்று நாலு புள்ளி" என்றோ "மூன்று" என்றோ சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். போன வாரம் பங்காளிக்கும் ஒரு தகடு கேட்டார். தன்னுடையது உயிரோடு இருந்தால் மட்டும் போதுமா, எடுக்க வேண்டியவர் போனும் உயிரோடு இருக்க வேண்டாமா என்றார். இன்று தகடு வந்து சேர்ந்தது. அளந்து பார்த்தேன், பரப்பு சரி. இரவு கடை சாத்துவதற்கு முன் இரண்டாவது ஒயரைச் சால்டர் செய்து முடிக்க வேண்டும். பங்காளியின் கிடை நாளை மறுநாள் வடுவூர்ப் பக்கம் நகர்கிறது.